ராக்போர்ட் காவல் துறைக்கு, தேடப்படுபவனின் திறந்த மடல்

பெறுநர்: காவல் ஆணையர் அவர்கள், ராக்போர்ட் மாநகரம்.
நகல்: சார்ஜன்ட் கிராஸ் அவர்கள்.
பொருள்: துரத்தல் நடைமுறைகளில் சில ஐயங்கள், தெளிவு வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பெயர் உங்கள் கோப்பு எதிலும் இருக்காது. ஏன் இருக்காது என்பதைப் பின்னால் சொல்கிறேன். 2005 நவம்பரில் 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' என்ற கார் பந்தய வீடியோ கேம் வெளியானது. அதற்குப் பிறகு உங்கள் ஊர்ச் சாலைகளில் ரேஸ் ஓட்டி, உங்கள் வண்டிகளைக் கவிழ்த்து, வளர்ந்து ஆளான ஒரு பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் ராக்போர்ட்டைக் கட்டியது கனடாவில் இருந்த ஈ.ஏ. பிளாக் பாக்ஸ் நிறுவனம் என்றாலும், அதன் சந்துபொந்துகளை மனப்பாடம் செய்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறோம். எங்கள் ஊர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பிரவுசிங் சென்டர் நாற்காலியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து உங்களிடமிருந்து தப்பியவர்கள் ஏராளம். ரோஸ்வுட், கேம்டன் பீச் பக்கம் எந்த வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது எதற்கு மடல் என்றால், அந்த ஆட்டத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் கூடவே, இந்த முறை எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்றும் சிலர் சேர்த்துக் கேட்கிறார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்படி ஏதாவது விபரீதம் நடப்பதற்கு முன், உங்கள் துறை இதுநாள் வரை எப்படி இயங்கியது என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

என்னை முதன்முதலில் கைது செய்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். ரேசர் என்கிற ஆசாமியோடு நான் போட்டி போடுகிறேன். என் காரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஒழுகி, நடுவழியில் இன்ஜின் நின்றுவிடுகிறது. காரை ரேசர் எடுத்துக்கொண்டு போகிறான். சார்ஜன்ட் கிராஸ் வந்து எனக்கு விலங்கு மாட்டுகிறார். அதுவரை சரி. அப்புறம் என்ன நடக்கிறது? ஆதாரமாகக் காட்ட கார் இல்லை என்று என்னை விட்டுவிடுகிறீர்கள்.

ஐயா, அந்தக் கார் வெள்ளியும் நீலமுமாகக் கோலம் போட்ட பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர். ஊரில் அப்படி இன்னொன்று கிடையாது. ஊரில் என்ன, உலகத்திலேயே அரிது. அந்த மாடலை பிஎம்டபிள்யூ 2001இல் அமெரிக்க லெ மான்ஸ் பந்தயத் தொடரில் ஓட்டுவதற்காகச் செய்தது. மற்ற எம்3 கார்களுக்கு ஆறு சிலிண்டர், இதற்கு மட்டும் வி8. அந்த ஆண்டு தன் பிரிவில் எல்லோரையும் ஓரங்கட்டியது. பந்தயத்தில் சேர, அதே மாடலில் சாலையில் ஓடுவதற்கென்று பத்து கார் செய்தால் போதும் என்றிருந்த விதியை, அடுத்த ஆண்டு நூறு கார், ஆயிரம் இன்ஜின் என்று மாற்றினார்கள். பிஎம்டபிள்யூ காரை மூட்டை கட்டிவிட்டது. ஆக, நிஜ உலகில் நடுவர்கள் ஒரு விதியைத் திருத்தியே சத்தமில்லாமல் நிறுத்திய வண்டி அது. உங்கள் துறையோ, கண்ணெதிரே ரேசர் அதை ஊர் முழுக்க ஓட்டித் திரிந்து, நீங்கள் தேடும் பதினைந்து ரேஸ் ஓட்டிகளின் கறுப்புப் பட்டியலில் முதல் இடம் வரைக்கும் போன பிறகும், அந்தக் காரை எங்கே போய்த் தேடுவது என்று விழித்துக்கொண்டிருந்தது.

அடுத்து, ஹீட். உங்கள் துறையின் சட்டப் புத்தகமே இந்த ஒரு அளவுகோல்தான். ஹீட் ஒன்றில் சாதாரண ரோந்து வண்டி பின்னால் வந்து சைரன் அடிக்கும். ஏற ஏறச் சாலைத் தடுப்பு, ஆணிப் பட்டை, ஹெலிகாப்டர் என்று வரிசையாக வரும். ஐந்தைத் தொட்டால் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களே கிளம்பிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த ஹீட் யார் தலையில் ஏறுகிறது? ஓட்டுநர் தலையில் இல்லை. கார் தலையில்! பத்து ரோந்து வண்டிகளைக் குப்பையாக்கிவிட்டு, நான் பதுங்கும் பாதுகாப்பு வீட்டுக்குள் போய், அதே சட்டையோடு வேறொரு காரில் ஏறி வெளியே வந்தால் நான் உத்தமன். உங்கள் ஆட்கள் பக்கத்திலேயே சிக்னலில் நிற்பார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். குற்றம் செய்தது கார், தலைமறைவாக இருப்பதும் கார், நான் வெறும் பயணி. என் பெயர் உங்கள் கோப்பில் இல்லை என்று சொன்னேனே, இதனால்தான்.

வேறு கார் வாங்கக் காசு இல்லாதவனுக்கும் வழி வைத்திருக்கிறீர்கள். பெயின்ட் அடித்தால் போதும். உங்கள் கட்டுப்பாட்டு அறை ஒயர்லெஸ்ஸில் கார் நிறத்தைத்தான் சொல்கிறது. நிறத்தை மாற்றினால் ஹீட் இறங்குகிறது. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. பின்னால் ஒரு சிறகு மாட்டினால் வழக்கின் கனமே குறைந்துவிடுகிறது. நம்பர் பிளேட் என்ற ஒன்று பின்னால் தொங்குகிறதே, அதைப் படித்துப் பார்க்கலாம் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கிறதா? நீல நிற காரில் வந்து கழுத்தறுத்தவன் பச்சை நிற காரில் வந்து வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லும் துறை உலகத்தில் உங்களுடையது ஒன்றுதான். (2012இல் கிரைட்டீரியன் நிறுவனம் இதே பெயரில் ஃபேர்ஹேவன் என்ற வேறு ஊரை வைத்து ஓர் ஆட்டம் விட்டது. அங்கே துரத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் நசுங்கியதெல்லாம் நிமிர்ந்து நிறமும் மாறியிருக்கும். உங்களைவிட அவர்கள் ஒரு படி மேல். ஆனால் அந்த ஊரில் கிராஸும் இல்லை, ரேசரும் இல்லை, அதனால் எனக்கு ஒட்டவில்லை.)

சரி, வேகத்துக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

உங்கள் சாதாரண ரோந்து வண்டி ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் சாயலில் இருக்கிறது. அமெரிக்காவில் பல காலம் போலீஸும் டாக்சிக்காரர்களும் ஓட்டிய பெரிய, கனத்த, நல்ல குணம் படைத்த கார். நிஜத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டினாலே மூச்சு வாங்கும். நானோ லம்போர்கினி கல்லார்டோவில், நெடுஞ்சாலையில், வேகத்தை உந்தும் நைட்ரோவையும் அழுத்திக்கொண்டு 300ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் அந்த நல்ல குணம் படைத்த கார். சும்மா வரவில்லை, பக்கவாட்டில் வந்து என் கதவை இடிக்கிறது. முன்னால் போய் என்னை மறிக்கப் பார்க்கிறது. அப்படி ஓர் இன்ஜின் கையில் இருந்தால் உங்கள் ரோந்து ஓட்டுநர்கள் வேலையை விட்டுவிட்டு அவர்களே கறுப்புப் பட்டியலில் சேர்ந்திருக்கலாமே?

இதன் ரகசியம் ஆட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ரப்பர் பேண்ட் என்பார்கள். எதிராளிக்கும் உங்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் ஒன்று கட்டியிருக்கும். நீங்கள் முந்திப் போனால் அது அவனை இழுத்து வரும், நீங்கள் தடுமாறினால் அவனும் தயங்குவான். அவன் காரின் குதிரைத்திறனுக்கும் அவன் வேகத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. உங்களுக்கும் அவனுக்கும் உள்ள தூரத்துக்கும் வேகத்துக்கும்தான் சம்பந்தம். கறுப்புப் பட்டியலில் பதினைந்தாவது இடத்தில் இருக்கும் சன்னி தன் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபை வைத்துக்கொண்டு கடைசி வளைவு வரை என் பின்பக்கத்தை விடாமல் தொடர்ந்ததும் இதே மாயம்தான். முழுப் போட்டியையும் தப்பே இல்லாமல் ஓட்டி, கடைசி திருப்பத்தில் ஒரே ஒரு டாக்சியை இடித்து, மூன்று நிமிட உழைப்பை மூன்று நொடியில் பறிகொடுத்தவர்கள் கீபோர்டை என்ன செய்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ரைனோ என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் அந்தப் பெரிய எஸ்யூவிகள் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் துரத்துவது போதாது என்று இவை எதிர்த்திசையில், ஜோடியாக, முழு வேகத்தில் என் முகத்தை நோக்கி வருகின்றன. இது எந்தப் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தந்தது? இரண்டு டன் வண்டியை இன்னொரு வண்டியோடு நேருக்கு நேர் மோதவிட்டு, ஒருவரைக் கைது செய்வதாம். அதே சாலையில், அதே வழித்தடத்தில், சிவனே என்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வேன்காரர் ஒருவர் இருக்கிறார். அவரை உங்கள் ரைனோ தூக்கி அடித்த பிறகும் திரையின் ஓரத்தில் ஏறுவது என் கணக்கு.

அந்தக் கணக்குதான் எனக்கு உள்ளதிலேயே பெரிய மனக்குறை. ஒவ்வொரு துரத்தல் முடிந்ததும், அரசுக்கு ஏற்பட்ட செலவு என்று ஒரு தொகையை என் பெயரில், மன்னிக்கவும், என் கார் பெயரில் எழுதுகிறீர்கள். எடுத்துக்காட்டாக அந்த டோனட் கடை விவகாரம். கடை மேல் லாரி அளவுக்கு ஒரு டோனட் பொம்மை. அதைத் தாங்குவது ஒரு கார் உரசினால் உடைந்துவிடும் கால்கள். நான் உரசினேன், ஒப்புக்கொள்கிறேன். டோனட் சரிந்து பின்னால் வந்த உங்கள் வண்டிகள் மேல் உருண்டது. செலவு என் மேல். ஐயா, அந்தக் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கதி, சாரத்துக்கும் இதே கதி. இடித்தால் விழும் இடங்கள் என்று வரைபடத்திலேயே முக்கோணம் போட்டுக் காட்டியிருக்கிறது. அந்த வரைபடம் எனக்குக் கிடைக்கும்போது உங்களுக்கு மட்டும் கிடைக்காமல் போனது எப்படி? ஒவ்வொரு முறையும் அதே டோனட்டின் கீழே, அதே வரிசையில், வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அடுத்த துரத்தலில் பார்த்தால் டோனட் பழையபடி உச்சியில் இருக்கிறது. ஒரே இரவில் இவ்வளவு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் யாரென்று தெரிந்தால் எங்கள் ஊருக்கும் ஒரு வாரம் கடன் கேட்போம்.

ஒரே இரவில் என்று சொன்னது தப்பு. உங்கள் ஊரில் இரவே கிடையாது. விடியல் உண்டு, பளிச்சென்ற பகல் உண்டு, மஞ்சள் பூசிய அந்தி உண்டு, திடீரென்று ஒரு மழை உண்டு. சூரியன் அடிவானத்துக்குப் போய், மனசு மாறித் திரும்பி வந்துவிடுகிறது. முந்தைய ஆட்டங்களான அண்டர்கிரவுண்ட் இரண்டிலும் முழுக்க இருட்டு, நியான் வெளிச்சம். இதில் மொத்தமாகத் திருப்பிப்போட்டுவிட்டார்கள். ஊர் முழுக்கப் பழைய புகைப்படத்தின் பழுப்பு.

அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் நடைபாதையைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். மனிதர்களே இல்லை. கடை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, கோல்ஃப் மைதானம் இருக்கிறது, நடப்பவர் ஒருவரும் கிடையாது. வடிவமைத்தவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. 300 கி.மீ. வேகத்தில் நடைபாதையில் ஏறும் ஆட்டத்தில் நடைபாதையில் ஆள் வைத்தால் அது வேறு வகை ஆட்டமாகிவிடும். ஆனால் விளைவைப் பாருங்கள். அவ்வளவு பெரிய டோனட் விளம்பரம் யாருக்காக? ஆள் இல்லாத ஊரில் டோனட் சாப்பிட மிச்சமிருப்பது உங்கள் துறை மட்டும்தான். அந்த வண்டிகள் ஏன் எப்போதும் அங்கேயே குவிகின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அது.

என் தலைக்கு, அதாவது கார் தலைக்கு, விலை வைத்திருக்கிறீர்களே, அதைக் கேட்டு வாங்கவும் ஊரில் ஆள் இல்லை. அந்தத் தொகை ஏற ஏற நான் பயந்து ஒடுங்குவேன் என்று நினைத்தீர்களா? கறுப்புப் பட்டியலில் அடுத்த ஆளோடு மோத வேண்டுமென்றால் இவ்வளவு தொகைக்குத் தேடப்படுபவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே தகுதி விதி. நீங்கள் போட்ட விலை எனக்கு மார்க் ஷீட். சாலைத் தடுப்புகளை உடைத்த எண்ணிக்கை, ஆணிப் பட்டைக்குத் தப்பிய எண்ணிக்கை, அரசுக்கு வைத்த செலவு, எல்லாமே பாடவாரியாக மதிப்பெண். குற்றப் பட்டியலைப் படித்தால் அதைவிட வேடிக்கை. போலீஸ் வண்டியை இடித்துக் கவிழ்த்ததும், சாலையை விட்டு இறங்கிக் கோல்ஃப் புல்லில் ஓட்டியதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன.

இனி என் பக்கம். நானும் யோக்கியன் இல்லை. என் காருக்கு இயற்பியல் பொருந்தாது. கான்கிரீட் சுவரில் முழு வேகத்தில் மோதினால் முன்கண்ணாடியில் ஒரு விரிசல் விழும், பெயின்டில் கீறல் விழும், அவ்வளவுதான். விளக்குக் கம்பங்கள் நான் நெருங்கியதும் மரியாதையாகச் சாய்ந்துவிடும். ஆனால் இதே கார், இதே சாலையில், டிராக் ரேஸ் (நேர்கோட்டில் சீறும் குறுந்தூரப் போட்டி) என்று பெயர் வைத்துவிட்டால் எதிரே வரும் காரோடு ஒரே மோதலில் உருத்தெரியாமல் போய் ஆட்டம் முடிந்துவிடும். போட்டியின் பெயரைப் பொறுத்து இரும்பின் குணம் மாறுவது ராக்போர்ட்டில் மட்டும்தான். கையில் ஸ்பீடுபிரேக்கர் என்று ஒரு பொத்தானும் உண்டு. நம் ஊர் வேகத்தடை இல்லை, அழுத்தினால் காலமே மெதுவாகும். உங்கள் ஆட்கள் தடுப்பு போட்டு நிற்கும்போது நான் அதை அழுத்தி, இரண்டு வண்டிக்கு நடுவே இடைவெளி பார்த்து, நிதானமாக ஸ்டீயரிங்கைத் திருப்பிப் போகிறேன். அப்போது அவர்களுக்கு என்ன தெரியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்கள் கடிகாரமும் நிற்குமா, அல்லது ஒரு பைத்தியக்காரன் மின்னல்போல் நுழைந்து போனதாக அறிக்கை எழுதுவார்களா?

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். என் காருக்குப் பெட்ரோல் போட்டதே கிடையாது. உங்கள் ரோந்து வண்டிகளும் போடுவதில்லை. ஊரிலேயே எரிபொருள் தீர்வது ஹெலிகாப்டருக்கு மட்டும்தான். அது கொஞ்ச நேரம் தலைக்கு மேல் சுற்றிவிட்டு, டேங்க் காலி என்று ஒயர்லெஸ்ஸில் சொல்லித் திரும்பிவிடும். பெட்ரோல் பங்க் மட்டும் ஊரில் இருக்கிறது. எதற்கு என்றால், நான் தூணை இடித்ததும் கூரை உங்கள் வண்டிகள் மேல் விழுவதற்கு.

சிரிப்பை விட்டுவிட்டு ஒரு நிமிடம். ரோந்து வண்டி நிஜமான கிரவுன் விக்டோரியாவாக இருந்தால் என்ன ஆகும்? நான் அரை நிமிடத்தில் கண்ணைவிட்டு மறைந்துவிடுவேன், துரத்தலே இருக்காது. அதனால் அது 300இல் பறந்தாக வேண்டும். அது 300இல் வந்து என்னை இடிக்கிறது என்றால் என் கார் நொறுங்கக் கூடாது. என் காரும் நொறுங்காது, உங்கள் வண்டிகளும் ஓயாது என்றால் முடிவே வராது. ஆகவே டோனட் விழ வேண்டும். டோனட் விழுந்த பிறகு நான் ஒளிய ஓர் இடம் வேண்டும், நீங்கள் சீக்கிரம் மறக்கவும் வேண்டும். மறந்த பிறகு அடுத்த முறை எல்லாம் புதிதாகத் தொடங்க டோனட் மறுபடி ஏறி உட்கார வேண்டும். ஒரு பொய்யை இன்னொரு பொய் தாங்குகிறது. தத்ரூபம் கேட்பவர்கள் இதில் ஏதாவது ஒன்றை மட்டும் உருவிச் சரி செய்யப் பார்ப்பார்கள். பெரும்பாலும் என் காருக்குச் சேதம் வர வேண்டும் என்பார்கள். அன்றைக்கு முதல் ரைனோவிலேயே ஆட்டம் முடியும்.

மறதி என்றேன். அதிலும் நீங்கள் ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள். கண்ணில் படாமல் போனதும் ஒரு பட்டை நிரம்பத் தொடங்கும். வரைபடத்தில் குறித்த மறைவிடத்தில் போய் இன்ஜினை உறுமவிட்டபடி நின்றால் அது இன்னும் வேகமாக நிரம்பும். உங்கள் ரோந்து வண்டி பக்கத்துச் சாலையில் மெல்ல ஊர்ந்து போகும். பட்டை நிரம்பிய நொடியில் இத்தனை நேர ஆத்திரமும் அணைந்துவிடும். அப்படியே வெளியே வந்து அந்த வண்டியைக் கடந்து போகலாம். மாட்டிக்கொண்டாலும் என்ன பெரிதாக ஆகிறது? அபராதம் கட்ட வேண்டும், காருக்கு ஒரு முத்திரை விழும், முத்திரைகள் சேர்ந்தால் கார் பறிமுதல். ஊரில் பாதியை உடைத்தவனுக்கு, தவறான இடத்தில் வண்டி நிறுத்தியவனுக்கான தண்டனை.

பேருந்து நிலைய விவகாரத்தையும் இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன், எப்படியும் ஊருக்கே தெரிந்த ரகசியம். அங்கே ஒரு மேட்டில் ஏறிக் காரை நிறுத்திவிட்டால் உங்கள் வண்டிகளால் ஏற முடியாது. கீழே சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவன் கீபோர்டை விட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், தலைக்கான விலை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இறங்கி வந்து கைகாட்டிப் பிடிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரை விட்டு இறங்கும் வழக்கம் உங்கள் ஊரில் யாருக்குமே இல்லை போலிருக்கிறது.

இந்தப் பைத்தியக்காரத்தனம் திரைக்குள்ளேயே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2022 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் மார்ட்டின்ஸ்வில் களத்தில் நாஸ்கார் அமைப்பின் கார் பந்தயம். ராஸ் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் பத்தாவது இடத்தில் வந்துகொண்டிருந்தார். பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற அது போதாது. கடைசி வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல், கியரை ஏற்றி, காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினார். சுவரே காரை வளைத்துக் கொடுத்தது. ஐந்து கார்களைத் தாண்டி ஐந்தாவதாக எல்லைக் கோட்டைக் கடந்தார். அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 18.845 நொடி. சின்ன வயதில் கேம்கியூபில் நாஸ்கார் 2005 ஆட்டத்தில் இப்படிச் செய்வேன் என்று பிறகு சொன்னார். நெடுஞ்சாலைத் தடுப்பில் உரசிக்கொண்டே வளைவை எடுத்தால் நேரம் மிச்சம் என்பது ராக்போர்ட்டில் குழந்தைக்கும் தெரியும். நிஜத்தில் ஒருவர் செய்து காட்டியதும் நாஸ்கார் என்ன செய்தது தெரியுமா? 2023 பருவம் தொடங்குவதற்கு முன்பே, இனி இப்படிச் செய்தால் தண்டனை என்று அறிவித்துவிட்டது. பாருங்கள் ஐயா, சுறுசுறுப்பான நிர்வாகம் என்றால் இப்படி இருக்கும். நீங்கள் இன்னும் டோனட்டுக்கே முட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாகப் பாலம். ரேசரை வென்று என் பிஎம்டபிள்யூவை மீட்ட அன்று உங்கள் துறை மொத்தமும் என் பின்னால் வந்தது. ஊரின் ஓரத்தில் இடிந்த பழைய பாலம். நான் ஏறித் தாவினேன், மறுகரையில் விழுந்தேன், போய்விட்டேன். சார்ஜன்ட் கிராஸ் கார்வெட்டோடு இந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். ஹெலிகாப்டர் வைத்திருக்கும் ஒரு காவல் துறை, பாலம் இல்லை என்பதற்காக ஒருவனைப் பறிகொடுத்தது என்று எழுதிவைத்தால் யாராவது நம்புவார்களா? டேங்க் காலி என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பாலத்தை எனக்குச் சொன்னது யார் என்பதும் கோப்பில் இருக்கட்டும். உங்கள் துறையைச் சேர்ந்த மியா டவுன்சென்ட்தான். மாறுவேடத்தில் இருந்தவர். கறுப்புப் பட்டியலைப் பிடிப்பதற்காக என்னோடு பழகினாராம். அதற்காக எனக்குப் பாதுகாப்பு வீடு பார்த்துக் கொடுத்தார், தகவல் தந்தார், என் மேல் பந்தயம் கட்டிக் காசும் பார்த்தார், கடைசியில் தப்பிக்க வழியும் சொன்னார். என் மேல் எழுதிய செலவுத் தொகையில் அந்த வீட்டு வாடகையும் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தணிக்கைத் துறை பார்த்துச் சொன்னால் நல்லது.

ஆகவே, புது ஆட்டம் வருமானால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றுங்கள். மழை பெய்தால் தார்ச் சாலையில் வானம் தெரியட்டும். நம்பர் பிளேட்டைப் படிக்கப் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டாம். டோனட் கால்களை மாற்ற வேண்டாம். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் விற்க வேண்டாம். ரைனோவுக்கு மட்டும் முடிந்தால் வழித்தடத்தைச் சொல்லிக்கொடுங்கள், அந்த வேன்காரருக்காகக் கேட்கிறேன்.

பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அலைய வேண்டாம். வீடு பார்த்துக் கொடுத்தது உங்கள் மியாதான், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வேறு காரில் இருப்பதால் தற்சமயம் நிரபராதி.